கஞ்சாப் பூ புகையாகும்போது: புதியவருக்கு ஒரு கணக்கு

கஞ்சாப் பூவைப் பச்சையாகக் கிள்ளி வாயில் போட்டு மென்றால் கசக்கும், பல்லில் பிசுபிசுவென்று ஒட்டும், அவ்வளவுதான். போதை ஏறாது. இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். போதை தரும் பொருள் செடியில் தயாராக இருப்பதில்லை. அதைத் தயாரிப்பது சூடு.

செடியில் இருப்பது டிஎச்சி அமிலம். அந்த மூலக்கூறின் ஓரத்தில் ஒரு சின்ன வால் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வால் இருக்கும்வரை மூளையில் பொருந்த வேண்டிய இடத்தில் மூலக்கூறு பொருந்தாது. 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடு ஏறினால் வால் கழன்று கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மிஞ்சுவதுதான் டிஎச்சி, நாம் போதை என்று சொல்லும் வேலையைச் செய்வது. மிதமான சூட்டில் வைத்தால் இந்த மாற்றத்துக்கு அரை மணி, முக்கால் மணி பிடிக்கும். பற்றவைத்த நுனியிலோ இழுக்கும் நேரத்தில் பல நூறு டிகிரி இருக்கும். கண்ணிமைக்கும் பொழுதில் முடிந்துவிடும். ஆக, புகைப்பது என்பது ஒரே மூச்சில் நடக்கும் இரண்டு வேலை: மருந்தைத் தயாரிப்பதும், அதை நுரையீரல் வழியாக ரத்தத்தில் ஏற்றுவதும். வசதிதான். ஆனால் தேவைப்பட்டதைவிட ஆறேழு மடங்கு சூட்டில் இதைச் செய்கிறோம் என்பதால், வேண்டாத பலதும் கூடவே தயாராகிவிடுகின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பூவைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. புகைக்கப் பயன்படுவது பெண் பூ, அதிலும் மகரந்தம் படாத பூ. மகரந்தம் பட்டுவிட்டால் செடி தன் சத்தையெல்லாம் விதைக்குத் திருப்பிவிடும். படாமல் காத்தால் பூ மேலும் மேலும் திரண்டு பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். காய்ந்த பூ ஒன்றை நல்ல லென்ஸ் வைத்துப் பார்த்தால், மேற்பரப்பு முழுக்கக் கண்ணாடியில் செய்த குட்டிக் காளான்கள் நிற்பது போலத் தெரியும். ஒவ்வொன்றின் தலையும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். இளம்பருவத்தில் அந்தத் தலை தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். முற்றினால் பால் நிறம், அதற்கும் மேல் போனால் தேன் நிறம். பெரும்பாலான டிஎச்சி அமிலம் அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. தண்டும் இலையும் விதையும் வெறும் விறகு என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலும் காற்றும் பட்டுப் பழசானால் டிஎச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, வீரியம் குறைந்த வேறொரு பொருளாக மாறும். பழைய சரக்கு மந்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சூடு வேண்டும் என்பதை மனிதர்கள் வேதியியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாமிர் மலையில், சீனாவின் மேற்கு ஓரத்தில், ஜிர்சங்கால் என்ற இடுகாட்டில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய மரத் தட்டுகள் கிடைத்தன. உள்ளே சூட்டுத் தழும்புள்ள கற்கள். அந்த மரத்தில் ஊறியிருந்த எச்சத்தை ஆராய்ந்தபோது, வீரியம் கூடிய கஞ்சாவைச் சுடுகல்லில் போட்டுப் புகைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 2019இல் வெளியான ஆய்வு இது. குழாயும் தாளும் இல்லை. புகை சூழ்ந்த இடத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் புகையில் வேலை செய்தது எது என்று கண்டுபிடிக்க 1964 வரை ஆனது. இஸ்ரேலில் யெஹியேல் கவோனி, ரஃபேல் மெக்கூலம் என்ற இருவர் டிஎச்சியைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்பது தெரிய மேலும் கால் நூற்றாண்டு. அப்படி உட்காரும் இடத்தை, பூட்டு போன்ற அமைப்பை, ஏற்பி என்பார்கள்; 1988இல் ஆலின் ஹவ்லெட் குழுவினர் அதற்கான ஆதாரத்தைக் காட்டினார்கள். இப்போது அதைச் சிபி1 என்கிறோம். அப்புறம் இயல்பாகவே ஒரு கேள்வி வந்தது: யாரோ பயிரிடும் ஒரு செடிக்காகவா மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? உடம்பே செய்துகொள்ளும் சாவி ஒன்று இருக்க வேண்டுமே? 1992இல் அது கிடைத்தது. ஆனந்தம் என்ற சம்ஸ்கிருதச் சொல்லை எடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

ஆனந்தமைடின் வேலை பிரேக் பிடிப்பது. ஒரு நரம்பணு பக்கத்து அணுவிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால், கேட்கும் அணு ‘சரி, போதும், மெதுவாகச் சொல்’ என்று திருப்பிச் சொல்லும் சைகை அது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் கணத்தில் சுரந்து, வேலை முடிந்ததும் அழிந்துவிடும். டிஎச்சிக்கு அந்த நாசூக்கு கிடையாது. சிபி1 இருக்கும் இடத்திலெல்லாம் ஒரே நேரத்தில் போய் உட்காரும், மணிக்கணக்கில் இருக்கும். நினைவைப் பதிக்கும் பகுதியில் உட்கார்ந்தால் பாதி வாக்கியத்தில் என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோகும். நேரத்தை அளக்கும் சுற்றில் கை வைத்தால் ஐந்து நிமிடம் அரை மணி போல நீளும். பசியைத் தூண்டும், எச்சில் சுரப்பியை அடக்கும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். கண் சிவப்பது புகை பட்டு எரிவதால் என்று நினைக்கிறார்கள். புகையே இல்லாமல் வாய்வழி எடுத்தாலும் சிவக்கும். குழாய் விரிவதுதான் காரணம். மூச்சை நடத்தும் மூளைத் தண்டில் சிபி1 மிகக் குறைவு. அபின் வகைப் பொருள்கள் அளவு மீறினால் மூச்சு நின்று சாவது போல இதில் நடப்பது மிக அரிது என்பதற்கு அதுதான் விளக்கம். அதை வைத்துக்கொண்டு ‘இதில் ஆபத்தே இல்லை’ என்பவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எந்தக் குழாய், எந்தத் தாள், எந்த ரகம் என்று எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எத்தனை மில்லிகிராம் என்று யாரும் கேட்பதில்லை.

தாளில் சுருட்டிய ஒரு ஜாயிண்ட்டில் எவ்வளவு இருக்கும்? அமெரிக்காவில் கைதானவர்களிடம் கேட்டுத் திரட்டிய தரவை வைத்து 2016இல் வந்த ஓர் ஆய்வு, சராசரியாக 0.32 கிராம் என்றது. பூவின் வீரியம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சட்டபூர்வமாக விற்கும் இடங்களில் இது சாதாரணம். 320 மில்லிகிராம் பூவில் 64 மில்லிகிராம் டிஎச்சி. இதில் எரிந்து வீணாவதும், காற்றில் போவதும், வெளிமூச்சில் திரும்புவதும் போக, உடம்பில் சேர்வது 10 முதல் 35 சதவீதம் வரை. அதாவது 6 முதல் 22 மி.கி. வரை. பழகியவர்கள் ஆழமாக இழுப்பதால் கூடுதலாகச் சேரும், புதியவர்களுக்குக் குறைவு. அமெரிக்க போதைப்பொருள் ஆய்வுக் கழகம் 2021இல், ஆய்வுகளுக்கான பொது அலகாக 5 மி.கி. டிஎச்சியை வைத்துக்கொள்ளச் சொன்னது. அந்த அலகில் 64 மி.கி. என்பது கிட்டத்தட்ட பதின்மூன்று. புதியவர் தடுமாறித் தடுமாறி இழுத்து உள்ளே சேர்ப்பது அதில் சிறு பகுதிதான் என்றாலும், முழு ஜாயிண்ட்டையும் ஒருவராக முடிப்பது முதல் தடவை மது தொடுபவர் பாட்டிலோடு உட்காருவது போன்றது.

பழைய ஆட்கள் ‘நாங்களெல்லாம் அந்தக் காலத்திலேயே’ என்று தொடங்கினால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிடிபட்ட சரக்குகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வந்ததில், 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி 2014இல் 12 சதவீதமானது. விதையில்லாப் பூவாகப் பார்த்து வளர்த்ததும், வீரியத்துக்காகவே ரகங்களைக் கலந்து கலந்து எடுத்ததும் இதற்குக் காரணம். அன்றைக்கு ஒரு முழு ஜாயிண்ட் செய்த வேலையை இன்றைக்குச் சில இழுப்பு செய்துவிடும்.

புகைக்கு ஒரு நல்ல குணம் உண்டென்றால் அது வேகம். நுரையீரலின் உள்பரப்பு மிகப் பெரியது. அங்கிருந்து ரத்தம் நேராக இதயத்துக்கு வந்து, அடுத்த துடிப்பில் மூளைக்குப் போகிறது. கல்லீரல் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் ஓரிரு நிமிடத்தில் தெரியத் தொடங்கும். ரத்தத்தில் டிஎச்சி பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொடும். ஆனால் உணர்வின் உச்சம் கால் மணி முதல் அரை மணியில்தான் வரும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். சாப்பிட்டால் கதையே வேறு. வயிறு, குடல், கல்லீரல் என்று சுற்றி வர அரை மணி முதல் இரண்டு மணி நேரம். கல்லீரல் அதை இன்னும் வீரியமான வேறொரு வடிவமாக மாற்றி அனுப்பும். ஆறு, எட்டு மணி நேரம் இறங்காது. ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொரு துண்டு தின்றவர்கள்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

புகையில் இந்தத் தவறு சின்ன அளவில் நடக்கிறது. ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்காரர் ஒருவர் இரண்டு இழுப்பு இழுக்கிறார். இருமல், தொண்டை எரிச்சல், கண்ணில் தண்ணீர். மூன்று நிமிடம் கழித்து ‘எனக்கு எதுவும் தெரியலையே’ என்கிறார். சுற்றி இருப்பவர்கள் சிரித்துவிட்டு மறுபடி கையில் கொடுக்கிறார்கள். இன்னும் நான்கு இழுப்பு. ஏழாவது நிமிடத்தில் லேசாகச் சிரிப்பு வருகிறது. பத்தாவது நிமிடத்தில் தன் இதயம் துடிப்பது காதில் கேட்கிறது. டிஎச்சி ஏறும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு இருபது, முப்பது, சிலருக்கு அதற்கும் மேல் கூடுவது வழக்கம்தான். அது அவருக்குத் தெரியாது. ‘நெஞ்சில் ஏதோ கோளாறு’ என்று நினைக்கிறார். நினைத்த பயத்தில் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. தண்ணீர் குடிக்கலாம் என்று சட்டென்று எழுகிறார். குழாய்கள் தளர்ந்திருப்பதால் ரத்தம் காலுக்கு இறங்கி, முகம் வெளுத்து, கண் இருட்டி, அப்படியே சரிகிறார். முதல் இரண்டு இழுப்பின் உச்சம்கூட அப்போது வந்திருக்காது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு இழுப்பு, பிறகு பதினைந்து இருபது நிமிடம் சும்மா இருப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தக் காட்சியில் பாதி நடந்திருக்காது. மயங்கியவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சில நிமிடத்தில் தெளிவார். பயந்தவரை வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் உட்கார வைத்து, ‘இது சற்று நேரத்தில் இறங்கிவிடும்’ என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தெளிவாக இருக்க வேண்டும். நெஞ்சு வலி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், சூழலோடு தொடர்பே இல்லாத பேச்சு என்றால் காத்திருக்கக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். என்ன எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பதற்றத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் மனதைத் தளர்த்திக்கொள்ளத்தான் பலரும் இதைத் தொடுகிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய், சிகாகோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்களை அறிமுகமில்லாதவர்கள் முன்னால் பேச வைத்து, கணக்கும் போடச் சொன்னார்கள்; யாருக்கும் வியர்க்கும் வேலை. முன்னதாக 7.5 மி.கி. டிஎச்சி மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்த மன அழுத்தம் குறைந்தது. 12.5 மி.கி. எடுத்தவர்களுக்குக் கூடியது. இரண்டுக்கும் நடுவே ஐந்தே மில்லிகிராம். அதே பொருள், அதே சூழல். அளவு கொஞ்சம் மாறியதும் விளைவு தலைகீழ். மாத்திரையும் புகையும் ஒன்றில்லை என்பதால் இந்த எண்களை அப்படியே புகைக்குப் போட முடியாது, போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘பதற்றமாக இருக்கிறது, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்’ என்பது எப்படிப்பட்ட யோசனை என்று இப்போது தெரிந்திருக்கும்.

கஞ்சாவில் சிபிடி என்று போதை தராத இன்னொரு பொருளும் உண்டு; அது கூடுதலாக உள்ள பூ இந்தப் பதற்றத்தைத் தணிக்கும் என்று ரொம்ப நாளாக நம்பிக்கை. நானும் நம்பியிருக்கிறேன். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 46 பேரை வைத்து, டிஎச்சியோடு சமமாகவும், இரண்டு மடங்காகவும், மூன்று மடங்காகவும் சிபிடி கலந்து ஆவியாக இழுக்கச் செய்து பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவில், சிபிடி சேர்த்ததால் எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. சிபிடி கூடிய பூவில் டிஎச்சி குறைவாக இருக்கும். அதனால் மென்மையாகத் தோன்றலாம். அந்த அளவில் அது புதியவருக்கு உகந்ததுதான்.

இதே வரிசையில் இன்னொரு நம்பிக்கை, இண்டிகா என்ற ரகம் தூக்கம் தரும், சடைவா என்ற ரகம் சுறுசுறுப்பு தரும் என்பது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சடைவா என்று பெயர் வைத்தார், 1785இல் லமார்க் என்ற இன்னொருவர் இந்தியாவிலிருந்து வந்த செடியைப் பார்த்து இண்டிகா என்று பெயர் வைத்தார். அவர்கள் பேசியது செடியின் தோற்றத்தை. கலப்பு செய்து செய்து இன்று அந்தக் கோடு அழிந்துபோய்விட்டது. 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தவர்கள், சீட்டில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருக்கும் செடிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றார்கள். மணம் தரும் சில எண்ணெய்களோடுதான் அந்தப் பெயர்கள் ஓரளவு ஒத்துப்போயின. வாசனையை வைத்துப் பெயர் வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புகையை நெஞ்சில் அடக்கி வைப்பதும் அப்படித்தான். கன்னம் உப்பி, முகம் சிவந்து, இருபது எண்ணும்வரை பிடித்து வைப்பார்கள். 1989இல் சிகாகோவில் மூச்சை அடக்கும் நேரத்தை மாற்றி மாற்றிச் சோதித்தபோது, போதை உணர்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டிஎச்சி முதல் சில விநாடியிலேயே உள்ளே போய்விடுகிறது. அடக்குவதால் நிச்சயமாகக் கூடுவது தாரும் கார்பன் மோனாக்சைடும். தலை கிறுகிறுப்பதில் ஒரு பங்கு மூச்சு முட்டியதால் வருவது. அதையும் போதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

ஆக, புகை. தாவரம் எதை எரித்தாலும் வருவதுதான் இதிலும் வருகிறது. நிக்கோட்டினையும் டிஎச்சியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் புகையிலைப் புகைக்கும் கஞ்சாப் புகைக்கும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1988இல் லாஸ் ஏஞ்சலஸில் டொனால்ட் டாஷ்கின் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கஞ்சா புகைப்பவர் ஆழமாக இழுத்து நான்கு மடங்கு நேரம் அடக்குவதால், ஒரு சிகரெட்டுக்கு ஒரு ஜாயிண்ட் என்று பார்த்தால் நுரையீரலில் தங்கும் தார் கூடுதலாக இருந்தது. தொடர்ந்து புகைப்பவருக்கு நாள்பட்ட இருமல், சளி, மூச்சுக்குழாய் அழற்சி வருகிறது என்பதில் சந்தேகம் இல்லை. நுரையீரல் புற்றுநோய் வேறு விஷயம்: அதே டாஷ்கின் எதிர்பார்த்தே தேடியும், 2006இல் வந்த அவருடைய ஆய்வில் தொடர்பு தெரியவில்லை. புகையிலையோடு கலந்து புகைப்பவர்களே அதிகம் என்பதாலும், நாளைக்கு இருபது ஜாயிண்ட் யாரும் புகைப்பதில்லை என்பதாலும் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொல்வது கடினம்.

கலப்பது என்றதும் சொல்லிவிடுகிறேன்: புதியவருக்குப் பெரிய பொறி இந்தக் கலவைதான். எரிவது சீராக இருக்கும், செலவு குறையும் என்று புகையிலையைச் சேர்க்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. வாரம் ஒரு முறை கஞ்சா என்று தொடங்கியவர் ஆறு மாதத்தில் தினம் சிகரெட் பிடிப்பவராக நிற்பார். நிக்கோட்டின் பிடிக்கும் பிடி டிஎச்சியைவிட இறுக்கம். முதல் இழுப்பிலேயே தலை சுற்றி, வயிறு குமட்டி, ‘கஞ்சா ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொன்னவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது புகையிலை. மதுவுக்கு மேல் புகைத்தாலும் இதே சுற்றல். மது உள்ளே இருந்தால் ரத்தத்தில் டிஎச்சியின் அளவும் ஏறுகிறது.

தண்ணீர் வழியாக இழுத்தால் வடிகட்டிவிடும் என்பார்கள். புகை குளிரும், தொண்டை எரியாததால் இன்னும் பெரிதாக இழுக்கத் தோன்றும். தார் பெரிதாகக் குறைவதில்லை. எரிக்காமல் 180, 200 டிகிரியில் சூடாக்கி ஆவியை மட்டும் இழுக்கும் வேப்பரைசர் கருவிகளில் கார்பன் மோனாக்சைடும் தாரும் வெகுவாகக் குறைகின்றன, ஆனால் வீரியம் குறையாது. சிலருக்குக் கூடவே ஏறும். இது பூவைச் சூடாக்கும் கருவியைப் பற்றிய பேச்சு. எண்ணெய் அடைத்த வேப் குப்பிகள் வேறு ஜாதி. 2019இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட குப்பிகளில் கெட்டித்தன்மைக்காகக் கலந்த வைட்டமின் இ அசிட்டேட் நுரையீரலைக் கெடுத்து, 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள்.

பூவிலும் கலப்படம் உண்டு. 2007இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் வயிற்று வலி, ரத்தசோகை என்று இளைஞர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். எல்லோருக்கும் ஈய நஞ்சு. எடை கூடுவதற்காக யாரோ பூவில் ஈயத்தூள் சேர்த்திருந்தார்கள். சில பொட்டலங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் துகள் இருந்தது. பூஞ்சை பிடித்த பூ நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு நுரையீரல் தொற்றைத் தரும். ஈர வாடை, வெள்ளைப் பஞ்சு போன்ற படலம் இருந்தால் அது பிசின் இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது ஆய்வகத்தில் செய்த செயற்கைப் பொருள்களைத் தெளித்து விற்பது. டிஎச்சி சிபி1 ஏற்பியைப் பாதிதான் திருகும். இவை முழுக்கத் திருகிவிடும். 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் நடுத்தெருவில் நடைப்பிணம் போல நின்றது இப்படியொரு பொருளால்தான். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. சோதனைச் சீட்டு இல்லாத பூவில் மேலே போட்ட மில்லிகிராம் கணக்கும் வெறும் ஊகம்தான்.

சிலருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. குடும்பத்தில் ஸ்கிஸோஃப்ரீனியா போன்ற மனச்சிதைவு நோய் இருந்தால், அளவாக என்ற பேச்சுக்கே இடமில்லை. 2019இல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு இருந்தது. எது முதலில், எது பிறகு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். குடும்ப வரலாறு உள்ளவர் அந்த வாதம் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இருபதுகளின் நடுவரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது, பதின்ம வயதில் தொடங்கியவர்களுக்குப் பிடி இறுகும் வாய்ப்பும் அதிகம். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் தவிர்க்கச் சொல்வதற்கும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு, கல்லீரலில் அந்த மருந்து கரையும் வேகம் மாறி ரத்தக்கசிவு வரை போகலாம்.

‘கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டார்கள்’ என்பது பழைய பேச்சு. அமெரிக்காவில் 1990களில் எடுத்த கணக்குப்படி, தொட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் சார்பு நிலைக்குப் போனார்கள். இன்றைய வீரியத்தில் அந்த எண்ணைக் குறைந்தபட்சமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, விசித்திரமான கனவுகள். முதல் வாரம் கடினம், இரண்டு வாரத்தில் தணியும். ஆண்டுக்கணக்கில் தினமும் புகைப்பவர்களில் சிலருக்கு விநோதமான ஒரு வியாதி வருகிறது: ஓயாத வாந்தி, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் நிம்மதி. குளியலறையே கதியென்று கிடப்பார்கள். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள்தான் இதை முதலில் விவரித்தார்கள். தீர்வு ஒன்றே, நிறுத்துவது.

சட்டம் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உருகுவே 2013இல் சட்டம் இயற்றி அனுமதித்தது, கனடா 2018 அக்டோபர் 17இல் கடைகளைத் திறந்தது, ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர் பொது இடத்தில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. அனுமதித்த நாட்டில் வாங்கி விமானத்தில் எடுத்துப் போவது இரு பக்கமும் குற்றம். அனுமதித்த இடத்திலும் வண்டி ஓட்ட அனுமதி இல்லை: போதை இறங்கிவிட்டது என்று தோன்றிய பிறகும் எதிரே நடப்பதற்குக் கை கால் பதில் சொல்லும் வேகம் சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

டிஎச்சி கொழுப்பில் கரையும். போதை இறங்குவது அது உடம்பைவிட்டு வெளியேறியதால் இல்லை. ரத்தத்திலிருந்து கொழுப்புக்குள் போய்ப் பதுங்கிவிடுவதால். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரில் போகும். ஒரே ஒரு முறை புகைத்தவரின் சிறுநீரில் அது சில நாள் தெரியும். தினமும் புகைத்தவர் நிறுத்தி ஒரு மாதம் கழித்து, வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் சீசாவை நீட்டும்போது, அவர் எப்போதோ மறந்துபோன ஒரு மாலையை அது இன்னும் நினைவில் வைத்திருக்கலாம்.